தக்காளி இலையில் தேமல்

மார்ச் 2

கண்ணாடிக் கொட்டகை மகாராணி அவர்களுக்கு,

உன் முடிவெட்டும் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் மகளும் சுகம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். நீ அனுப்பிய பார்சலைப் பிரித்ததிலிருந்து எனக்குத்தான் சுகமில்லை.

தபால்காரர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலியில் ஒருவர் பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணே, வீட்ல இருந்து பார்சலா? என்னை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பிரிங்க" என்று அவருக்குத்தான் அவசரம். காத்திருந்த மூன்று பேரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சட்டை இருக்கும் என்று நினைத்தேன். கைக்கடிகாரமாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். பிரித்தால் ஒரு காகித மடிப்பு. அதற்குள் இன்னொரு மடிப்பு. அதற்குள் விதை. எண்ணினேன், பதினெட்டு. நுரைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, அண்ணி மாத்திரை அனுப்பிருக்காங்களா?" என்றார். கடையே சிரித்தது. நீ போய்ப் பதினெட்டு மாசம் ஆகிறது. மாசத்துக்கு ஒரு விதை என்று கணக்குப் போட்டாயா?

உள்ளே இருந்த கடிதத்தைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். அதனால் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உனக்கே திருப்பிச் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் அந்த வெளிநாட்டுத் தக்காளிப் பண்ணையில் உன் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்குத் திரும்புகிறாயா, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று ஜூலை இருபதாம் தேதி கையெழுத்துப் போட வேண்டும். நான் சிகரெட்டைத் தொடாமல் இருந்தால் வருவாய். தொட்டேன் என்று தெரிந்தால் வரமாட்டாய். சும்மா இருக்கிற கை சிகரெட்டைத் தேடும் என்பதால், என் கைக்கு வேலை கொடுக்க இந்த விதை. சரிதானே டீச்சர்?

ஜனவரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தேனே, அதற்குப் பிறகு இன்றோடு நாற்பத்தேழு நாள். ஒன்றுகூட இல்லை. டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடுப்புக் கரித்துணி மாதிரி இருந்தது. எனக்கே அதிர்ச்சி, இது என்னுடையதா, வேறு யாருடையதையாவது மாற்றி மாட்டிவிட்டார்களா என்று.

விதையை எப்படிப் போடுவது? கொட்டகை, கண்ணாடி, குழாய், மெஷின் எல்லாம் உன்னிடம். என்னிடம் ஒரு ஜன்னல், ஒரு பால்கனி. அதற்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடு.

மாத்திரை கிடைக்கப்பெற்ற,
உன் நோயாளி


மார்ச் 15

என்னங்க,

கடிதம் வந்தது. என் அறையில் எட்டுப் பேர். மாத்திரை விஷயத்தை வாசித்துக் காட்டினேன். மேல்கட்டிலில் இருப்பவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "இதை எதுக்கு எழுதிக்கிட்டு, பேசினா போதாதா?" என்று கேட்டீர்கள். போதாது. போனில் உங்கள் வாய் ஜெயித்துவிடும். இருபத்தாறு வருஷமாக நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வந்ததில்லை, சிரிப்புத்தான் வந்திருக்கிறது. போனில் மகள் பேசட்டும். நீங்கள் எழுதுங்கள்.

விதைக்கு வருகிறேன். முட்டை அட்டையோ தயிர் டப்பாவோ போதும், அடியில் ஓட்டை இருக்க வேண்டும். விரல் நகம் அளவுக்கு மண்ணில் குழி, அதில் ஒரு விதை. மண் ஈரமாக இருக்கட்டும், சேறாக வேண்டாம். முளை வந்ததும் நல்ல வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் பற்றாவிட்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு நெட்டையாக வளரும், அப்புறம் ஒடியும். தினமும் டப்பாவைத் திருப்பி வையுங்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் அப்பாவின் கடைசி ஏழு மாதம் பக்கத்தில் இருந்தது நான்தான். அவர் இருமும்போது முதுகைப் பிடித்துக்கொள்வேன். "விட்டுட்டேன் கண்ணு, சத்தியமா விட்டுட்டேன்" என்று கடைசி நாள்வரை சொன்னார். அவர் போன பிறகு மெத்தையைத் தூக்கினால், கீழே பெட்டி பெட்டியாக. அப்படி இன்னொருவர் பக்கத்தில் உட்கார என்னால் ஆகாது. மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். என்னால் முடியாததைத்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 11

தக்காளி டீச்சர் அவர்களுக்கு,

பதினெட்டில் பன்னிரண்டு முளைத்துவிட்டன! காலையில் எழுந்து பார்க்கிறேன், முந்தின ராத்திரி வெறும் மண்ணாக இருந்த இடத்தில் பச்சையாக வளைந்து நிற்கிறது. நான் போட்ட சத்தத்தில் மகள் பல் விளக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். "என்னப்பா, கீழ விழுந்துட்டியா?" "இல்லடி, மேல வந்துருச்சு!"

நீ சொன்னபடியே நெட்டையாகக் கழுத்தை நீட்டின. நம் ஜன்னலில் ஒரு பக்கம்தானே வெளிச்சம். யோசித்தேன். கடையில் மூலை உடைந்த பெரிய கண்ணாடி ஒன்று சும்மா கிடந்ததே, அதைத் தூக்கிவந்து டப்பாக்களுக்குப் பின்னால் நிறுத்தினேன். முன்னால் சூரியன், பின்னால் கண்ணாடிச் சூரியன். ஒரே வாரத்தில் நிமிர்ந்துவிட்டன. பன்னிரண்டும் கண்ணாடி முன் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கழுத்தில் துண்டைக் கட்டிவிடலாமா என்று கை பரபரத்தது.

அடுத்து ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். சொன்னால் திட்டாதே. வெயில் நன்றாக இருக்கிறதே என்று ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் பால்கனியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் இலையெல்லாம் வெளுத்துக் காகிதமாகிக் கிடக்கிறது. மகள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "உள்ள இருந்த பிள்ளைங்கள ஒரேடியா வெயில்ல தள்ளுவியா? பழக்கணும்பா! முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு மணி நேரம்" என்று பாடம் எடுத்தாள். அவளுக்கு யார் சொன்னார்கள்? நீதான் போனில் சொல்லியிருப்பாய்.

ஏழு போய்விட்டன. ஐந்து பிழைத்தன. இப்போது தினமும் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, ஐந்தையும் பால்கனிக்கு எடுத்துப்போய், பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கிறேன். காற்றடித்தால் மறைக்கிறேன், புறா வந்தால் விரட்டுகிறேன். "என்னை ஸ்கூல்ல விட்டப்பகூட நீ இவ்ளோ நேரம் நிக்கலையேப்பா" என்று மகள் கேட்கிறாள். பொறாமை.

ஐந்து பிள்ளை பெற்ற,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 24

என்னங்க,

ஏழு போனது உங்கள் தப்பு, ஐந்து நின்றது உங்கள் சாமர்த்தியம். கண்ணாடி வைத்ததை எங்கள் மேற்பார்வைக்காரி அம்மாவிடம் சொன்னேன். "உன் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை வேணுமா?" என்றாள். நீங்கள் வந்தால் செடிகள் வளராது, எல்லாரும் வேலையை விட்டுவிட்டு உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள் என்றேன்.

செடி ஒரு சாண் வந்ததும் பெரிய வாளிக்கு மாற்றுங்கள். பயப்படாமல் கழுத்துவரை ஆழமாகப் புதையுங்கள். மண்ணுக்குள் போன தண்டிலும் வேர் விடும். தண்ணீர் காலையில், அடியில் மட்டும். இலையில் வேண்டாம். குச்சி நட்டுக் கட்டுங்கள். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் அக்குள் மாதிரி இருக்கும் இடத்தில் புதுசாக ஒரு கிளை கிளம்பும். அதைச் சின்னதிலேயே கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் செடி புதராகிக் காய் குறையும்.

இங்கே பூ காயாவதற்குப் பெட்டியில் வண்டு வளர்த்துப் பறக்க விடுகிறார்கள். உங்களுக்கு வண்டுக்கு எங்கே போவது? பூத்ததும் கொத்தை மெதுவாக ஆட்டிவிடுங்கள். பூ தன் மகரந்தத்தைத் தனக்கே உதிர்த்துக்கொள்ளும்.

நீங்கள் நாள் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டீர்கள். பழகிவிட்டது போல, எண்ணத் தேவையில்லை போல. சந்தோஷம்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 8

வண்டு வளர்க்கும் அம்மாவுக்கு,

கழுத்துவரை புதைக்கச் சொன்னாயே, எனக்குக் கை வரவில்லை. இரண்டு மாசம் பாலூட்டிச் சீராட்டி வளர்த்ததை உயிரோடு புதைக்கவா? மகள்தான் வாளியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், மூடுப்பா" என்றாள். பெயிண்ட் வாளி ஐந்து, அடியில் ஓட்டை போட்டது. மண்ணுக்கு மேலே கடையில் கூட்டிய முடியைப் பரப்பினேன். ஈரம் காயாது, உரமும் ஆகுமாம். எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டு, "என் நரைமுடியும் அதுல இருக்கா? அப்ப தக்காளி வெள்ளையாத்தான் காய்க்கும்" என்றார்.

மூன்று நாள் தலையைத் தொங்கப்போட்டன. நான்காம் நாள் நிமிர்ந்தன. அப்புறம் வளர்ந்தன பார், என் இடுப்பு, என் நெஞ்சு, இப்போது என் மூக்கு. பூவும் வந்தது. மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, காயாமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆட்டித்தான் பார்த்தேன். என் ஆட்டலில் காம்பே ஒடிந்துவிட்டது. அப்போது ஒரு யோசனை வந்தது. வண்டு என்ன பண்ணுகிறது? கிர்ர் என்கிறது. என்னிடம் கிர்ர் என்கிறது எது? முடி வெட்டும் மெஷின்! பிளேடைக் கழற்றிவிட்டு, மெஷினை ஓடவிட்டு, பூங்கொத்தின் காம்பில் லேசாக வைத்தேன். மஞ்சள் பொடி புகையாகக் கொட்டியது! எனக்கு வாய் மூடவில்லை. பத்து நாளில் பட்டாணி அளவில் பச்சைக் காய், எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. உன் முதலாளியிடம் சொல், வண்டுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாலு நாவிதரை வேலைக்கு வைக்கட்டும்.

சின்னதாக ஒரு குறை. நீ பார்க்காததா, இதற்கும் ஒரு வழி சொல். இரண்டு வாரமாக இலையில் திட்டுத் திட்டாக வெளிர்ப்பச்சை விழுகிறது. பிள்ளைகள் கன்னத்தில் வருமே தேமல், அது மாதிரி. நடுவில் கொப்புளித்த மாதிரி மேடு. நுனிக் குருத்து விரியாமல் நூல் மாதிரி மெலிந்து சுருள்கிறது. பூச்சி ஒன்றுமில்லை, இலையைப் புரட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். இதில் ஒரு அதிசயம் என்ன தெரியுமா? நான் தினம் சாயங்காலம் பக்கக்கிளை கிள்ளுகிறேனே, இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரம்வரை, அதே வரிசையில்தான் ஒவ்வொன்றாக வருகிறது. முதலில் முதல் வாளி, நாலு நாள் கழித்து இரண்டாவது, இப்போது மூன்றாவது. கிள்ளிய இடத்துக்கு மேலேதான் ஆரம்பம். நோய்க்குக்கூட ஒழுங்கு இருக்கிறது பார், என் கடையில் நிற்கிற ஆட்களுக்கு இல்லை.

சீக்கிரம் மருந்து எழுது.

முப்பத்தொரு காய்க்கு அப்பன்


ஜூன் 18

என்னங்க,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில், பெட்டிகள் அடுக்கும் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். மெஷின் விஷயம் வந்ததும் சத்தமாகச் சிரித்தேன். என்ன, என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். முழுவதும் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கிள்ளும் வரிசையிலேயே வருகிறது என்ற இடம் வந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் கொட்டகை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. சிகரெட் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. தீப்பிடிக்கும் என்பதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கில்லை. புகையிலைச் செடிக்கு ஒரு நோய் உண்டு. உலர்த்தி, சுருட்டி, பெட்டியில் அடைத்த பிறகும் அந்த நோய்க்கிருமி சாகாது. புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். சிகரெட் பிடித்த விரலால் கிள்ளினால் போதும், காயம் வழியாக உள்ளே போய்விடும். திட்டுத் திட்டாகத் தேமல் விழும். நுனி நூலாகும். மருந்து கிடையாது. அதற்காகத்தான் வாசலில் சோப்பும், பக்கத்தில் ஆடை நீக்கிய பால் ஊற்றிய தொட்டியும். கையைக் கழுவி, பாலில் நனைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். போன வருஷம் ஒருவன் பஸ்ஸில் பிடித்துவிட்டு அப்படியே உள்ளே போனான். அவன் கிள்ளிய வரிசையிலேயே வந்தது. நானூறு செடியைப் பிடுங்கினோம். பிடுங்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த இலை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் அனுப்பியது சுத்தமான விதை. இந்த நோயைப் பற்றி உங்களுக்கு முன்பே எழுதவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மறைத்ததாக நினைக்காதீர்கள். நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று நம்பினேன். அதனால் எழுதத் தோன்றவே இல்லை.

அது உங்கள் விரலா?

ஆம், அல்லது இல்லை. ஒரு வார்த்தை எழுதுங்கள்.


ஜூன் 27

துப்பறியும் நிபுணர் அவர்களுக்கு,

அடேயப்பா! கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். ஷேவிங்குக்கு வந்தவர், "என்னண்ணே, எனக்கா உங்களுக்கா?" என்கிறார். போலீஸ் நாய் கேள்விப்பட்டிருக்கிறேன். போலீஸ் தக்காளி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்படிப்பட்ட செடியை ஸ்டேஷனுக்கு ஒன்று வைத்தால் ஊரில் ஒரு திருட்டு நடக்குமா? ஐந்து போலீஸ்காரர்களை நானே முடி போட்டு வளர்த்திருக்கிறேனே!

கண்ணாடிக்காரர் நேற்று வந்து பார்த்தார். தண்ணீர் அதிகமானாலும் இப்படி ஆகும் என்கிறார். பெயிண்ட் வாளி சரியாகக் கழுவாமல் இருந்திருக்கலாம். நாலு வீதி முடியும் அதில் கிடக்கிறது. எந்தத் தலையில் என்ன இருந்ததோ, யார் கண்டது. ஒரு வாரம் விடாமல் அனல் காற்றும் அடித்தது. அங்கே நானூறு செடியில் ஒருவன் மாட்டிக்கொண்டான் என்பதற்காக, இங்கே ஐந்து செடி வைத்திருக்கிற ஒரு அப்பாவியை நீ சங்கிலி போட்டு இழுக்கலாமா? மகளைக் கேள். அவள் மூக்குக்குத் தப்பி இந்த வீட்டில் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இவளுக்குத்தான் முதலில் தெரியும்.

காய்கள் பெரிதாகின்றன. இலை எப்படி இருந்தால் என்ன, காய் காய்தானே. நீ வருவதற்குள் பழுக்கும். கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடு.

குற்றம் சாட்டப்பட்ட,
உன் வீட்டுக்காரன்


ஜூலை 5

என்னங்க,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். இரண்டு இடத்தில் சிரித்தும்விட்டேன், அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம். ஒரு வார்த்தைதான் கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தை எங்குமே கிடைக்கவில்லை.

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு மேற்பார்வைக்காரி அம்மாவிடம், "சிகரெட் பிடிக்காத ஆள் வீட்டிலும் இது வருமா?" என்று கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். வரலாம் என்றாள். முன்பு பிடித்தவரின் பழைய சட்டை இருந்தால், பையின் மூலையில் புகையிலைத் தூள் தங்கியிருக்கும், எத்தனை மாதமானாலும் அதில் கிருமி இருக்கும், அந்தத் துணியைக் கிழித்துச் செடியைக் கட்டினால் உரசி உரசி ஏறிவிடும் என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. உங்களைத்தான் எனக்குத் தெரியுமே. புதுக் கயிறு வாங்க மனசு வராது. கடையில் போட்டுக்கொண்டிருந்த பழைய சட்டையைக் கிழித்துத்தான் கட்டியிருப்பீர்கள். பை வைத்த இடத்தைக்கூடப் பார்க்காமல் கிழித்திருப்பீர்கள். அப்படித்தானே?

அப்படித்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மேல் இந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன். இருபதாம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி உடனே தபாலில் போடுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வெளியே எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 12

என் மனைவிக்கு,

நான் துணியால் கட்டவில்லை. பச்சைப் பிளாஸ்டிக் கயிறு. பழைய சட்டைகள் எல்லாம் அலமாரியில் கிழியாமல் இருக்கின்றன.

விரல் என்னுடையது.

உன் கடிதத்தை மகள்தான் முதலில் பிரித்தாள். நான் சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா! துணிதானாம்பா! பழைய சட்டைல ஒட்டிட்டு இருக்குமாம்! எங்கப்பா அப்படி இல்லன்னு நான் அம்மாகிட்ட போன்ல அத்தனை தடவ சொன்னேன், கேட்டாங்களா?" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறாள். சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. இத்தனை நாள் அவள் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. "எந்தச் சட்டைப்பா கிழிச்ச? அந்த நீலக் கட்டமா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீலக் கட்டம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ அங்கிருந்து ஒரு பொய்யைத் தைத்து, அளவு பார்த்து அனுப்பியிருக்கிறாய். இவள் இங்கே அதை எனக்கு மாட்டிவிட நிற்கிறாள். நான் கையை நீட்டினால் போதும். ஆனால் என் கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாளே. அதே விரல்களை. "சட்டை இல்லம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "என்ன இல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கையை விட்டாள். உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. நாற்பத்தொன்பது வயதில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர்ச் சத்தம் மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் எழுதிய கணக்கு நிஜம். ஏப்ரல் ஆரம்பம்வரை ஒன்றுகூட இல்லை. செடிகளை வெயிலுக்குப் பழக்கத் தினமும் பால்கனியில் உட்கார்ந்தேனே, அங்கேதான் ஆரம்பித்தது. என் கைக்கு வேலை கொடுக்கத்தான் நீ அனுப்பினாய். ஆனால் காவல் இருப்பதில் கைக்கு என்ன வேலை இருக்கிறது? கடையில் ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன சிகரெட் பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது. அவரிடம் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்து வைத்தேன். மறுநாள் அவர் வந்தார். கொடுக்கவில்லை. அப்புறம் நானே வாங்க ஆரம்பித்தேன். சாயங்காலம் இரண்டு. பிறகு காலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒன்று. "செடியப் பாத்துட்டு வரேன்" என்றால் மகள், "பாத்துட்டு வாப்பா" என்பாள். முடித்துவிட்டுக் கடையில் ஷேவிங்குக்குப் பிறகு தடவும் லோஷனைக் கையில் தேய்த்துக்கொள்வேன். அதனால்தான் அவள் மூக்குக்குத் தெரியவில்லை. அந்தக் கையோடு கிள்ளுவேன். லோஷன் வாசனையைத்தான் மறைத்தது.

அந்த இலையை உனக்கு விலாவாரியாக எழுதியதும் நான்தான். உன்னிடம் என்னவெல்லாம் மறைத்தேனோ அத்தனையையும் நானே உட்கார்ந்து வரிசை மாறாமல் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

விட்டுவிட்டேன் என்று எழுதமாட்டேன். அந்த வார்த்தையை நான் கெடுத்துவிட்டேன். நேற்று ஒன்று பிடித்தேன். இன்று இந்த நேரம்வரை இல்லை. நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்கள். இந்த மாசம் போக வேண்டும், பயத்தில் போகவில்லை. இருமல் இருக்கிறது.

இருபதாம் தேதி உனக்கு எது சரியென்று படுகிறதோ அதில் கையெழுத்துப் போடு. எதுவானாலும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். கடைசியில் உன்னைச் சிரிக்க வைக்கிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்று அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 20

என்னங்க,

கடிதம் நேற்று வந்தது. முதல் வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில்தான் மிச்சத்தைப் படித்தேன். பால் தொட்டியில் கையை விட்டபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

பத்து மணிக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் காகிதத்தைத் தள்ளினாள். இரண்டு கட்டம். இருக்கிறேன், திரும்புகிறேன். நான் முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். தொட்டால் வரமாட்டேன் என்று மார்ச்சிலேயே சொல்லியாயிற்று. என் வார்த்தைக்கும் ஒரு மரியாதை வேண்டுமே. இருக்கிறேன் என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தேன்.

வைத்துக்கொண்டு, மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பால்கனியில் ஸ்டூல் போட்டதற்கு, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காததற்கு, லோஷனுக்கு, பச்சைப் பிள்ளையைச் சாட்சிக்கு இழுத்ததற்கு. திட்டத் திட்ட வந்துகொண்டே இருந்தது. பாதிகூட முடியவில்லை. "என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். அப்போதுதான் எனக்குத் திடுக்கென்றது. இதையெல்லாம் இன்னும் இரண்டு வருஷம் நான் யாரிடம் திட்டுவது? இவ்வளவு கோபத்தைத் தபாலில் அனுப்ப முடியுமா? எந்த உறையில் கொள்ளும்?

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்தச் சட்டைக் கதையை எழுதினேன். உங்கள் விரல்தான் என்று தெரிந்தேதான் எழுதினேன். இன்று உங்களிடம் அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் ஆமாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், நம்பிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டு வந்திருப்பேன். வந்து, உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நீங்கள் எழுந்து போகும்போதெல்லாம் காதைத் தீட்டி வைத்திருப்பேன். அந்த வாழ்க்கையை எனக்கு நானேதான் தைத்து அனுப்பினேன்.

பேனாவை நகர்த்தி அடுத்த கட்டத்தில் போட்டேன். போட்ட பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வேறு யாரோ போட்டது மாதிரி.

மன்னித்துவிட்டேன் என்று துள்ளாதீர்கள். மன்னிக்கவில்லை. கோபமாகத்தான் வருகிறேன். பக்கத்தில் உட்கார என்னால் ஆகுமா என்று இப்போதும் தெரியாது. ஆகாவிட்டால் அதையும் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன்.

அதற்குள் செய்ய வேண்டியவை. ஐந்து செடியையும் பிடுங்கி எரித்துவிடுங்கள். காய் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். வாளிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். முடி வெட்டும் மெஷினையும் துடையுங்கள். கடிதம் கிடைத்ததும் வருகிற வியாழக்கிழமையே மகளோடு போய் நெஞ்சுப் படம் எடுங்கள். தனியாகப் போகக் கூடாது. அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, கூட வருவாள், எழுதியிருக்கிறேன். படத்தில் என்ன இருந்தாலும் என்னிடம் மறைக்கக் கூடாது. டாக்டர் என்ன சொன்னாரோ அதே வார்த்தையில் எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம்.

செப்டம்பர் இரண்டாம் தேதி மத்தியானம் வந்து இறங்குகிறேன். இரண்டு பேரும் வாருங்கள். என் பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், மூச்சு வாங்கும், அவள் தூக்கட்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்ததும் ஏதாவது பேசிச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள். சிரித்துவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. முதலில் நான் திட்டி முடிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி